தம்பியின் நிறம்

சென்ற செவ்வாய், மாலை ஐந்தே கால். என் தம்பி மனைவி கலா சைதாப்பேட்டையிலிருந்து அடையாறு வந்து, என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் தம்பி ரவியின் தலை. மௌஸை அசைத்துச் சுற்றிக் காட்டினேன். வலது காது, பிடரி, இடது காது...

"இன்னா மாமா, யாரு இது? தி.நகர் துணிக்கடை பொம்மை மாதிரி கீறாரு?"

ஏழு வார உழைப்பு! கண் எரிகிறது, நாற்காலியை விட்டு எழுந்தால் இடுப்பு தனியாக வருகிறது.

ரவி போய் ஒன்றரை வருடம். "மாலை போட்டு மாட்டிக்கீற போட்டோவையே பாத்துப் பாத்து, அவரோட நெச மூஞ்சி மறந்துகினே வருது மாமா" என்று ஒரு நாள் கலா சொன்னாள். அதற்காகத்தான் ஆழ்வார்பேட்டையில், கம்ப்யூட்டரில் உருவம் செய்யும் ஒரு த்ரீ-டி வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்து சீட்டெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் டிராகனுக்குச் செதில் போட்டார்கள். நான் தம்பிக்குத் தோல் போட்டேன்.

டெக்ஸ்சரிங் என்பது அதுதான். தலையின் வடிவம் முதலில் வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன் தோலை, தலையணை உறையைத் தையல் பிரிப்பது போலப் பின்பக்கம் பிரித்து, தட்டையாக விரித்து, நிறம் தீட்டி, மறுபடி மாட்ட வேண்டும். முதல் தடவை மூக்கு மச்சம் காதுக்குப் போய்விட்டது. பதினோராவது வகுப்பில் உதட்டு வெடிப்பு. பன்னிரண்டாவதில் தாடை ரோமம்.

நிறத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டுப் போட்டோ ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், எடுத்தவர் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பவன் நான். இருப்பதில் தெளிவான படத்தை எடுத்து, ரவியின் கன்னத்திலிருந்தே நிறத்தை உறிஞ்சிக்கொண்டேன். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

"எந்தப் போட்டோ?" என்றாள் கலா. காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"இது எங்க வூட்டுக்குக் குடுத்தனுப்புன மாப்பிள்ளை போட்டோ ஆச்சே! இத்தப் பாத்துட்டு, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு செவப்பா இருந்த நீங்கதான் மாப்பிள்ளைன்னு நெனைச்சு தட்ட உங்களாண்ட நீட்டுனேன்... மறந்துபூட்டீங்களா?"

மறக்கவில்லை. ஸ்டூடியோக்காரரிடம், "கொஞ்சம் கலராக் காட்டுங்க" என்று சொன்னவனே நான்தான். நோட்டில் இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய தேதி இருக்கிறது, ஸ்டூடியோ பெயர் இருக்கிறது. இது மட்டும் இல்லை.

பொய் சொல்லத் தேதியைத் திருத்த வேண்டியதில்லை. தேதியைச் சரியாக எழுதினால் போதும் – மற்றதை யாரும் சோதிப்பதில்லை!

ஸ்டூடியோவில் நான் சொன்னதைக் கலாவிடம் சொன்னேன்.

"அவருக்குத் தெரியும் மாமா. அந்தப் படத்த பீரோவுல கவுத்துதான் வெப்பாரு."

பிறகு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"போடுங்க, நான் சொல்றேன். இன்னும் கறுப்பு... இன்னும்... அய்ய, பயப்படாம போடுங்க மாமா! நெத்தி மட்டும் கொஞ்சம் வெளுப்பு, ஹெல்மெட்டு மறைக்கும்ல? கண்ணுக்குக் கீழ இன்னும் கறுப்பு. பின்கழுத்தாண்ட..."

சட்டென்று குரல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

விளக்கேற்ற வந்த என் மனைவி திரையைப் பார்த்து நின்றாள். "ஏங்க, நம்ம ரவி இவ்ளோ கறுப்பாவா இருந்தாரு?"

"ஆமாம்" என்றேன்.

அண்ணனாக இதைச் சொல்ல எனக்கு இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது.