வெள்ளை மண் போட்ட தரை

திருவொற்றியூரில் நாங்கள் இருந்த குடிசை கால்வாய்க்கரைப் பள்ளத்தில் இருந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் வாசல் வழியாக வந்து அடுப்புவரை போகும். அறுபதுகளின் கடைசியில் அப்படி ஒரு மழையில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத என் தம்பி காய்ச்சல் கண்டு இறந்தான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காது. அப்பா அவனைக் குடிசைக்குப் பின்னால் கரையில் புதைத்தார். அவனுக்கும் எங்கள் பாய்க்கும் நடுவே ஓர் ஓலைத் தடுப்புதான். சாகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாமே என்று பங்குச் சாமியார் பிறகு சொன்னாராம். அதிலிருந்து அம்மா அதிகம் பேசுவதில்லை.

அடுத்த மழைக்கு அவளுக்கு மறுபடி நிறைமாதம். "இந்தப் புள்ளையாவது காஞ்ச தரையில பொறக்கணும்" என்றாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் தம்பி, என் மாமா, அதைத் தனக்கு இட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

எண்ணூர் சாலையில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம் வெள்ளைச் சேற்றைக் கொட்டுவார்கள். காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு வெள்ளையடிப்பு அதில்தான். கொட்டிய இடத்தில் கால்வாய் பாலாக வெளுத்துக் கிடக்கும், கொக்குகூட இறங்காது. ஆனாலும் யாரும் அதைக் கழிவு என்று சொல்லிக் கேட்டதில்லை. ஓசியில் கிடைப்பதை அப்படிச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

சுவரில் பூசுவதைத் தரையில் கொட்டினால் என்ன என்பது மாமாவின் சொந்த யோசனை. இடையிடையே சாம்பல் நிறக் கற்கள் கிடந்த அந்த மண்ணைக் கைவண்டியில் கொண்டுவந்து நிரப்பினார். எல்லோரும் மிதித்துக் கெட்டிப்படுத்தினோம். குதிகால் வெடித்துத் தோல் உரிந்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டோம். தரை உயர்ந்து, ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்திருந்தது. எறும்பு, கரப்பான், எலி ஒன்றும் இல்லை. எங்கள் கோழி மட்டும் வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

"பாத்தியாக்கா, எறும்புகூட நம்ம வூட்டுக்கு மரியாத குடுக்குது" என்றார் மாமா.

மழை வந்தது. வாசல் வழியாகத் தண்ணீர் வரவில்லை. தரைக்கு அடியிலிருந்து கசிந்தது. கசியக் கசியத் தரை சூடேறியது. "அடுப்பு மேல குந்திகினு இருக்கறாப்ல கீதுடா" என்று அம்மா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இருட்டுகிற நேரத்தில் பூண்டு நசுக்கிய வாடை வந்தது. அன்று எங்கள் வீட்டில் சமையலே இல்லை. பின்பக்கத் தடுப்பின் ஓரம் தேங்கிய தண்ணீரில் குமிழிகள் எழுந்து உடைந்தன. சிறியதாக, இடைவிடாமல் ஒரு சத்தம். தூங்குகிற குழந்தை மூக்கடைத்து மூச்சுவிடுவதுபோல.

அம்மா தரையில் காதை வைத்தாள்.

"மூச்சு வுடறான்டா."

"யாரு? ஈரம்க்கா அது. பேஜார் பண்ணாத, எழுந்து குந்து."

அவள் மெழுகுவர்த்தியை எடுத்துப்போய் அந்த ஓரத்தில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். பொப் என்றொரு ஓசை. தண்ணீரின் மேல் மஞ்சளாக நெருப்பு நின்றது. கரும்புகை நூல் நூலாகத் தொங்கியது. மாமா என்னைத் தூக்கி வெளியே போட்டார். அங்கிருந்து பார்த்தேன். அம்மா நகரவில்லை. குடத்துத் தண்ணீரைக் கையில் அள்ளி, உதடு அசைய, நெருப்பின் மேல் ஊற்றினாள். நெருப்பு எழும்பியது. இன்னொரு கை அள்ளினாள். மூன்றாவது கை ஊற்றியபோது நெருப்பு அவள் முகத்தின் உயரத்துக்கு வந்தது. மாமா உள்ளே ஓடி அவளை இழுத்துவந்தார். மழையில் ஊறிய ஓலை எரியாமல் புகைந்தது.

அன்று கோயில் பள்ளிக்கூட வராந்தாவில் தங்கினோம். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் மாமாவைச் சூழ்ந்துகொண்டது. "இன்னா மாமு, அக்கா வூட்ல பெட்ரோல் கெணறு தோண்டினியாமே?"

மாமா அம்மாவிடம் பாய்ந்தார். "ஊத்த ஊத்த எரியுது, அப்பவும் வுடாம ஊத்திகினே இருந்தியே!" அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டவள்போல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

பிற்பாடு ஊர் ஊராகச் சுற்றியதில் ஒரு வெல்டிங் பட்டறையிலும் இருந்தேன். வெல்டிங் வாயுவுக்கான கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டபோது அதே சூடு, அதே குமிழி, அதே பூண்டு வாடை. அந்தச் சேற்றில் கரையாத கற்கள் மிச்சம் இருந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

தம்பி அந்த வராந்தாவிலேயே, காய்ந்த தரையில் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு அப்பா தன் தகப்பனார் பெயரைச் சொன்னார்: சூசை.

"அது வேணாம்" என்றாள் அம்மா. "அந்தப் பேரு வச்சாச்சு."

"யாருக்கு?"

அவள் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள். எங்கள் சொந்தத்தில், தெருவில், சூசை என்று யார் இருக்கிறார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பிள்ளை பெற்ற களைப்பில் அம்மா உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.