தக்கையா, ஸ்பிரிங்கா?

சாமுவேலிடம் தூண்டிலைப் பற்றி வாய் திறந்தால் போச்சு, அன்றைக்கு வேறு வேலை ஓடாது. உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் அவன். வாரமெல்லாம் முதுகில் மூட்டை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் அங்கியைக் கழற்றுவதற்குள் ஏரிக்கரையில் குந்தியிருப்பான். எந்த மீனுக்கு எந்த இரை என்பதில் அவன் சொன்னதுதான் சட்டம். ரோகுவுக்குக் கடலைப் புண்ணாக்கு, மிர்காலுக்கு மண்புழு, கட்லாவுக்கு வாசனையான தவிடு என்று அடுக்குவான். யாராவது மறுத்துப் பேசினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான்.

உலகத்துத் தூண்டில்காரர்களை அவன் இரண்டே சாதியாகப் பிரித்து வைத்திருந்தான். ஒருத்தன் ஸ்பிரிங் கட்டுகிறவன். கம்பிச் சுருளில் மாவை அப்பி, சுற்றிலும் நாலைந்து முள்ளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டோடு ஏரியின் அடியில் போட்டுவிடுவான். கழியைக் கரையில் நட்டுவிட்டால் தீர்ந்தது. மீன் தானே வந்து தானே மாட்டிக்கொள்ளும். இன்னொருத்தன் தக்கை கட்டுகிறவன். ஒற்றை முள், ஓர் உருண்டை இரை, மேலே மிதக்கிற தக்கை. அது முழுகுகிற நேரம் பார்த்துச் சுண்டினால் மீன், அசந்தால் வெறும் முள். சாமுவேல் தக்கைக்காரன்.

"ஸ்பிரிங் போடுறவன் எங்கடா மீன் புடிக்கிறான்? மீனுக்கு நாஷ்டா வெச்சிட்டுத் தூங்கிக்கினு கீறான்" என்று ஆட்டோ ஓட்டுகிற வரதனை வம்புக்கு இழுப்பான். வரதன் ஸ்பிரிங்குக்காரன். பாவம், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான்.

அப்படிப்பட்ட மனுஷன் போன கோடையில் ஒரு காலை, மண்டியில், தூக்கிய மூட்டையோடு சரிந்தான். பக்கவாதம். பெரியாஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பேச்சு திரும்பியது, காலும் ஓரளவு தேறியது. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது.

வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கிற இளமதி என்ற பெண் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விரல் அசையுதுண்ணா. நீங்க வேலை குடுத்தா திரும்பி வரும். குடுக்கலேன்னா இப்படியே இறுகிப் போயிடும்" என்று சொல்லி, அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்தாள். அவள் தலை மறைந்ததும் சாமுவேல் பந்தை மூலையில் உருட்டிவிட்டான்.

"செத்துப்போன கைக்கு இன்னாத்துக்கு பந்து?"

அந்தச் சொல்தான் அவன் பெண்டாட்டி பாக்கியமேரியைப் போட்டு வதைத்தது. கை விழுந்ததை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். இவன் அதற்குச் சாவுமணி அடித்துவிட்டதைத் தாங்க முடியவில்லை. கெஞ்சினாள், சண்டை போட்டாள், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். பந்து மூலையிலேயே கிடந்தது.

ஐப்பசி மழைக்கு ஏரி ததும்பி நின்றபோது, நடவுக் கூலி வேலை இல்லாத ஒரு நாளில், அவள் அவனுடைய மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து தூண்டிலைத் தொட்டவள் இல்லை. மைதாவில் உப்புப் போட்டு, கையில் ஒட்டாமலிருக்க எண்ணெய் விட்டு, இறுக்கிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி ஊறவைத்து எடுத்துப் போயிருந்தாள். வெயில் ஏறும்வரை குந்தியிருந்தாள். ஏரிக்குள் போன உருண்டை போனபடியே திரும்பி வந்தது.

வரதனுக்கு அன்றைக்குத்தான் வாய் வாய்த்தது. "யக்கா, அந்த மாவ தூக்கிப் போட்டுடாத. வூட்டுக்கு எடுத்தும்போய் பூரி சுடு."

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சாமுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எண்ணெய் ஊத்தினியா?"

"பின்ன? கையெல்லாம் ஒட்டிக்கினுச்சே."

"உப்பு?"

"உப்பு போடாம மாவு பெசையறது எந்த ஊர்லய்யா கீது?"

"அடியே! மாவு தண்ணியில கரையணும்டி. கரைஞ்சு வாசன போவணும். அத புடிச்சிக்கினு மீன் வரணும். எண்ணெய ஊத்தி அத அடைச்சி வெச்சிட்டு வந்து நிக்கிறியே!"

எத்தனை மாதம் கழித்து வீட்டில் அந்தக் குரல்! திட்டு வாங்கிய பாக்கியமேரிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் தவிட்டையும் ஊறவைத்த புண்ணாக்கையும் அகலப் பேசினில் கொட்டி அவன் முன்னால் வைத்தாள். "எனக்குப் பதம் தெரியல. நீ பாரு."

அவன் இடது கையை விட்டுப் பார்த்தான். முப்பது வருஷமாகப் பதம் பார்த்தது வலது கை. இடதுக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தைச் சுளித்தான். பிறகு வலது கையை இடது கையால் தூக்கிப் பேசினுக்குள் வைத்தான். விரல்கள் மாவுக்குள் கிடந்தன. கொஞ்சம் கழித்து ஒன்று மடங்கியது. பாக்கியமேரி சட்டென்று திரும்பிக்கொண்டு, கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். பார்க்கிறாள் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுவானோ என்று பயம்.

அதிலிருந்து தினமும் பிசைந்தான். மீன் பிடிக்கப் போகாத நாளிலும் பிசைந்தான். எதிர்வீட்டு மாடு கொழுத்ததுதான் மிச்சம். அடுத்த முறை வந்த இளமதிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இதையே பண்ணுங்கண்ணா. இன்னும் ஒண்ணு பாக்கி. புடிச்சு இழுக்கிற மாதிரி வேலை எதாச்சும் வேணும்."

பாக்கியமேரிக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "ஏரிக்குப் போலாம் வா" என்றாள். அவனும் மறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வரதன்கிட்ட ஒரு ஸ்பிரிங் வாங்கிக்க" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமுவேலா? ஸ்பிரிங்கா? கரையில் நட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டால் கைக்கு வேலையே இல்லை. கை இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவும் மாட்டார்கள். அதற்காகத்தான் கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

சரி என்று ஸ்பிரிங்கையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவன் வழக்கமாக உட்காரும், ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் போகாமல், கருமாதிப் படித்துறைக்கு நடந்தாள். ஊரில் யார் செத்தாலும் காரியம் முடித்து எள்ளும் சோறும் விடுகிற இடம் அது. அங்கத்து மீனுக்கு மேலேயிருந்து விழுகிற சோற்றை மிதப்பிலேயே வாங்கித் தின்று பழக்கம். அடியில் கிடக்கிற உருண்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதைப் பலமுறை அவளுக்குச் சொன்னவனே சாமுவேல்தான்.

"இங்க இன்னாத்துக்கு வந்த? இங்க ஸ்பிரிங் போட்டா ஒரு குஞ்சுகூட வராது."

"அப்ப தக்க கட்டு."

அவன் அவளை முறைத்தான். "கேடிடி நீ."

சோற்றை எள்ளுப் புண்ணாக்கோடு மசித்து எடுத்து வந்திருந்தாள். தக்கையையும் அவளே கட்டப் போனாள். அவள் போட்ட முடிச்சைப் பார்க்கச் சகிக்காமல் அவன் பிடுங்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் திருத்திக் கட்டினான். கழியை வலது கையில் வைத்து, கீழே இடது கையால் முட்டுக் கொடுத்தான். வரதனும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

தக்கை ஆடியது. முழுகியது. சாமுவேலின் கை எழுந்தபோது தக்கை மறுபடி மேலே வந்துவிட்டிருந்தது. வெறும் முள்.

கழியைக் கீழே போட்டான். "பாத்தியா? லேட்டாதான் வருது. இதுக்குத்தான் வேணாம்னேன். ஊரே பாக்குது."

பாக்கியமேரிக்கு வந்ததே கோபம்! "ஊரு பாத்தா பாத்துக்கினு போவட்டும். வராதுன்னுதானய்யா இத்தினி நாளா சொன்ன? செத்துப்போச்சுன்னு சொன்ன. இப்ப லேட்டா வருதுங்கிற. வந்துச்சா இல்லியா?"

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றாள். வரதன் ஏரியைப் பார்த்தான். சாமுவேல் கழியை எடுத்தான். முள்ளை அவள் பக்கம் நீட்டினான், இரை வைக்கச் சொல்லி.

அடுத்த முறை தக்கை முழுகவில்லை. படுத்தது, பக்கவாட்டில் நழுவியது. அவன் அவசரப்படாமல் காத்திருந்தான். தண்ணீருக்குள் சிவப்புத் தக்கை மறைந்ததும் கை சுண்டியது. கழி வில்லாக வளைந்தது.

"யக்கா, புடி, புடி!" என்று வரதன் கத்தினான். அவளும் பாய்ந்தாள்.

"தொடாத!" என்று சாமுவேல் போட்ட சத்தத்தில் இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள்.

மீன் இழுத்தது, அவன் விட்டுக் கொடுத்தான். மீன் திரும்பியது, அவன் இழுத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான், வேர்வை கண்ணில் இறங்கியது. படியோரம் வெள்ளையாகப் புரண்ட கட்லாவை வரதன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் துண்டால் வாரி அணைத்துக் கரையேற்றினான். பெரிய மீன்தான். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பார்க்கவே இல்லை.

கழியைப் பிடித்த விரல்கள் திறக்கவில்லை. ஐந்தும் மூங்கிலைச் சுற்றி இறுக மூடியிருந்தன. அவன் திறக்கப் பார்த்தான், முடியவில்லை. பாக்கியமேரி பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டுவிரலை மெல்லப் பிரிக்கப் பார்த்தாள்.

"வேணாம் மேரி" என்றான் சாமுவேல். "பிரிக்காத. கொஞ்ச நேரம் புடிச்சிக்கினே இருக்கட்டும்."