இடக்கைக்கு அடித்த போலோ

விரல்கள் நனைந்த சாணைக்கல்லைத் தடவிப் பார்த்தன. முழங்கை நீளக் கத்தியை அதன்மேல் சாய்த்து மெல்லத் தள்ளின. மூன்றாவது தள்ளலில் அப்படியே நின்றுவிட்டன.

மாரிசாமிக்கு ஏதோ உறுத்தியது.

கத்தியின் பெயர் போலோ. பிலிப்பைன்ஸ்காரர்கள் அதனால் தேங்காய் உடைப்பார்கள், புதர் வெட்டுவார்கள். சண்டை வந்தால் அதுவே ஆயுதம். நான்கு வீடு தள்ளியிருக்கும் நர்ஸ் ரோவீனா கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அப்பா எர்னஸ்டோவுக்கென்று இளவயதில் அடித்தது. ஒருமுறை திருடர்களை அவர் வாசலிலேயே நிறுத்தியதும் இதை வைத்துத்தான். அவள் கராஜில் ஈரம் பட்டுத் துருவேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார், வந்ததும் கேட்கப்போவது இதைத்தான் என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

மாரிசாமி அமெரிக்காவில், பேர்லேண்டில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அங்குள்ள கோயில் சமையல்கட்டில் மொண்ணையாய்க் கிடந்த அரிவாள்மனையைத் தீட்டப் போய், கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவர். இப்போது அங்கிருக்கும் கத்திகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அவர் அறிந்த அரிவாளின் விளிம்புக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. இந்தப் போலோவுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் பலகை மாதிரி தட்டை. யாரோ ஒரே பக்கமாகத் தீட்டிப் பாழாக்கிவிட்டார்கள் என்று எண்ணி, தட்டைப் பக்கத்தைச் சரிசெய்யக் கல்லில் வைத்திருந்தார்.

துருவைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் திருப்பினார். தட்டைப் பக்கத்தில் சுத்தியல் தழும்புகள் விளிம்புவரை அப்படியே இருந்தன. அந்தப் பக்கத்தை எந்தக் கல்லும் தொட்டதே இல்லை. இவருடைய மூன்று கீறலைத் தவிர.

கொல்லைப்புறம் போய் ஓக் கிளை ஒன்றை வெட்டிப் பார்த்தார். கத்தி விலகி ஓடியது.

"என்னங்க, கிளைக்குத் தடவிக் கொடுக்கறீங்களா?" என்றாள் கண்மணி, சமையலறை ஜன்னலிலிருந்து.

சரிவு இடப்பக்கம் இருப்பதை அப்போதுதான் கவனித்தார். இடக்கைக்கு மாற்றி வெட்டினார். பழக்கமில்லாத கைதான், ஆனாலும் கிளை ஒரே வெட்டில் விழுந்தது.

"கண்மணி, இது லெஃப்ட் ஹேண்ட்காரருக்குன்னே அடிச்சது."

"பீச்சாங்கைக்குன்னு தனியா கத்தியா? நம்ம பொண்ணு கயல் லெஃப்ட்ல பேனா பிடிச்சா மட்டும் மாத்து மாத்துன்னு உயிரை எடுத்தீங்க."

மாரிசாமி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கோ ஒரு கொல்லர், உலையை மூட்டும் முன் ஓர் இளைஞன் எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்த்திருக்கிறார். பார்த்ததை அப்படியே இரும்பில் வைத்துவிட்டார். இன்னும் நாலு தள்ளு தள்ளியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

அதன்பின் சரிவுப் பக்கம் மட்டுமே கல்லைத் தொட்டது. இரண்டு சாயங்காலம் பிடித்தது.

ஞாயிறன்று எர்னஸ்டோ மகளோடு மாரிசாமியின் கராஜுக்கு வந்தார். மாரிசாமி கத்தியைத் திருப்பித் தட்டைப் பக்கத்தைக் காட்டினார்.

"இந்த மூணு கீறல் என்னோடது. தெரியாம போட்டுட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கிழவர் குனிந்து பார்த்தார். "மூணோட நிறுத்திட்டியே" என்றார் அதே மொழியில்.

ரோவீனா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

எதையும் வலக்கையில்தான் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும் என்று வளர்ந்தவர் மாரிசாமி. பழக்கத்தில் பிடி பெரியவரின் வலக்கைப் பக்கம்தான் போனது. நிறுத்தினார். இரண்டு கைகளிலும் ஏந்தி, பிடியை மறுபக்கம் திருப்பி, காத்திருந்த இடக்கையில் வைத்தார்.