படத்தில் விழுந்த கோடு

இரவில் ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைத்து எங்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் படமெடுப்பேன். எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைக் கோடு. லென்ஸைத் துடைத்தேன், கேமராவின் பின்மூடியில் கறுப்பு டேப் ஒட்டினேன், போகவில்லை. கேமராவைத் தலைகீழாக வைத்து எடுத்தும் கோடு மலையின் அதே சரிவில்தான் விழுந்தது. கோளாறு கேமராவில் இல்லை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டிலிருந்து தொழிற்சாலைப் பின்கதவுக்கு யாரோ டார்ச் லைட்டோடு நடந்திருக்கிறார்கள்.

தேயிலைத் தூள் திருடியதாகச் சொல்லி, காவல்காரரான என் அப்பாவை வேலையைவிட்டு விரட்டியவன் அந்தக் கிராணி. படங்களைத் தோட்ட மேனேஜரான துரையின் மேசையில் வைத்தேன். அன்றிரவே துரை பின்கதவில் காத்திருந்து, மூட்டையும் கையுமாக அவனைப் பிடித்தார்.

வேலை போய் அவன் சாமான்களை லோரியில் ஏற்றியபோது கேமராவோடு போனேன்.

"போற நேரத்துல என்னடா படம்?" என்றான்.

"பகல்ல கோடு விழாதுலா. ஆடாம நில்லுங்க."

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன்.