சாத்திய கதவுக்குள்

சாத்திய அறைக்குள் சாம்பிராணிப் புகையும் மசால்வடை வாசனையும் சேர்ந்தால், துக்கம், பசி இரண்டில் எது முந்தும் என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர் இல்லை. தொண்ணூறுகளில், மைசூரில், ஒரு மகாளய அமாவாசையன்று, பத்து வயதில், கட்டிலுக்கடியில் படுத்து அதை ஆராய்ந்தவள் நான்.

அந்த ஆனியில் மாலா அக்கா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பதினாறு வயது. சொந்த ஊரான ஹனூரிலிருந்து வந்த பெரியவர்கள், "கொழந்தைக்கு என்ன தெரியும், அவ முன்னால பேச்செடுக்காதீங்க" என்று என்னைப் பக்கத்து வீட்டு டிவி முன் உட்காரவைத்தார்கள். குழந்தைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அக்கா படுக்கையில் விழுவதற்கு முந்தின நாள், ரிப்பன் சண்டையில் அவளை நான் "செத்துப் போ" என்றிருந்தேன். நான் சொன்ன எதையும் கேட்டறியாத அக்கா, இதை மட்டும் கேட்டுவிட்டாள். மூன்று மாதமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கு "எடெ" வைப்பார்கள். பிடித்த பண்டங்களை இலையில் பரிமாறி, விளக்கேற்றி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். போனவர்கள் வந்து சாப்பிடுவார்கள். சற்றுப் பொறுத்து மூன்று முறை தட்டித் திறக்க வேண்டும். அக்கா வருவாள் என்று பெரியவர்களே உறுதி சொன்னபின், மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல சமயம் ஏது? கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன்.

சுடர் அசையும்போதெல்லாம் சுவரில் அவள் பின்னல் ஆடுவதுபோலிருந்தது. "அக்கா" என்றேன். வரவில்லை. இன்னும் கோபம் போலிருக்கிறது. படைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று காலையிலிருந்து பட்டினி வேறு. ஒரு வடையைக் கடித்தேன்; பயந்துபோய் மிச்சத்தை இலையிலேயே வைத்துவிட்டு மறுபடி ஒளிந்தேன்.

கதவைத் திறந்ததும் எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். "வந்துட்டுப் போயிருக்கா பாரு!" என்று அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார், அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். அம்மா மட்டும் கட்டிலுக்கடியில் தெரிந்த பாவாடையைப் பார்த்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போனபின் என்னை வெளியே இழுத்து, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அக்கா வந்தாளா கண்ணு?"

"வரல. நான்தாம்மா அவள செத்துப் போன்னு சொன்னேன்."

தெருவில் தசரா விளக்குக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நானும்தான் சாமி சொன்னேன். அவ படுத்த அன்னிக்குக் காலைல. காப்பித் தம்ளரக் கீழ போட்டுட்டான்னு."

குற்றவாளிகள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அப்பாவிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அப்பா இன்று இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எடெ எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடக்கிறது; பண்டங்கள் கேட்டரிங்கில் வருகின்றன; புகைக்கு அலாரம் அலறுமோ என்ற கவலைதான் என் பக்தி. கதவைச் சாத்தும்போது அம்மா உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறாள். வெளியே வா என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் இப்போது தட்டுவதுமில்லை. அவள் உள்ளிருந்து தட்டும்வரை காத்திருக்கிறோம்.