மண்டபம் கடலில் ஒரு செஞ்சிக் கால்

பவளப்பாறையைக் காக்கப் போகிற தொண்டர், முதலில் தன் காலிடமிருந்து அதைக் காக்க வேண்டும். நல்ல காரியம் என்று பேர் கொடுத்துவிட்டு, அங்கே போய் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பக்கத்தில் வாருங்கள், சேர்ந்தே சிரிப்போம்.

மாலை மரியாதை

எண்பதுகளில் செஞ்சியில் என் தொழில், கிணற்றில் விழுந்ததை எடுத்துத் தருவது. பாதாளக் கரண்டிக்கு அகப்படாத குடம், வாளி, ஒருமுறை ஆட்டுக்குட்டி. வல்லத்தில் ஒரு கிணற்றில் மூழ்கி, உள்ளே விழுந்த மோட்டாருக்குக் கயிறு கட்டிவிட்டு மேலே வந்தேன். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த கல்லூரி வாத்தியார் ஒருவர், நான் எவ்வளவு நேரம் மூச்சடக்கினேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மண்டபம் கடலில் படகுகள் போடும் நங்கூரம் பவளப்பாறையை உடைக்கிறதாம். பக்கத்து மணலில் சிமெண்ட் கட்டையை இறக்கி மிதவை கட்டிவிட்டால், படகுகள் நங்கூரம் போடாமல் அதிலே கட்டிக்கொள்ளலாம். பத்து நாள் வேலை, சம்பளம் இல்லை, மூச்சடக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். நான் கடலையே பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் சரி என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் நண்பர்கள் மாலை போட்டார்கள், கேலிக்குத்தான். என் மனைவி பூங்காவனம் அப்போது உயிரோடு இருந்தாள். காதோரம் சொன்னாள்: "மாலையெல்லாம் வாங்கிக்கினு போறீங்க. பாதியில தொரத்திட்டாங்கன்னு வந்து நின்னீங்கன்னா, நான் தெருவுல தல காட்ட முடியாது, ஆமா."

முதல் குதி

படகில் ஏறியதும் வாத்தியார் சொன்னது ஒன்றுதான். பவளம் கல் இல்லை, உயிர். அதன்மேல் யாரும் காலை வைக்கக் கூடாது. நானும் பக்தியோடு தலையாட்டினேன். ஆனால் கிணற்றுக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கால் முன்னால் போகும்படி குதிப்போம். அடியைத் தொட்டதும் ஓர் உதை உதைத்து மேலே வருவோம். அப்படியே குதித்தேன், அப்படியே உதைத்தேன். மான் கொம்பு போல விரிந்திருந்த பவளத்தில் பாதி, என் பின்னாலேயே புழுதியாகக் கிளம்பியது.

இன்னொரு தடவை நடந்தால் செஞ்சிக்கு பஸ் ஏற்றிவிடுவேன் என்றார் வாத்தியார். படகோட்டி முனியசாமி மட்டும் என்னை மரியாதையாகப் பார்த்தார். "ஒரு வாரம் நங்கூரம் போட்டு நாங்க ஒடைக்கிறத, நீங்க ஒரே குதியில ஒடைச்சிட்டீகளேண்ணே!"

குற்றவாளி

அதன்பின் மூன்று நாள் கரையில் சிமெண்ட் குழைத்தேன். சாயங்காலம் மட்டும், மணல் தரை உள்ள இடத்தில், காலை ஊன்றாமல் மிதந்து பழகச் சொன்னார் வாத்தியார். என் கால் கேட்டால்தானே! அது பாட்டுக்குத் தரையைத் தேடியது. கடைசியில் துண்டால் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தேன்.

கடல்பாசி எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "ஏத்தா, கட்டிக் கடல்ல போட்டிருக்காகளே, அப்படி என்ன குத்தம் செஞ்சாரு இந்த ஆளு?"

தொடாத மிதவை

ஐந்தாம் நாள் மறுபடி கடலில் இறங்க விட்டார்கள். அடுத்தடுத்து மூன்று மிதவை கட்டினோம். ஒரு படகும் அதன் பக்கம் வரவில்லை. எல்லாரும் பத்தடி தள்ளிப் போய், பவளத்தின் மேலேயே நங்கூரத்தை இறக்கினார்கள். வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கடலில் மிதவை கிடந்தால், கீழே யாரோ மீன் பிடிக்கக் கூடு போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

முனியசாமிக்குத் தெரியும். ஊருக்குள் எடுத்துச் சொல்லி, முதல் படகாகத் தன் படகையே கட்டினார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "அடுத்தவன் மிதவையைத் தொட்டா களவுண்ணே. படிச்சவுகளுக்கு இதைப் போயி நான் சொல்லணுமா?"

கடைசிக் கட்டை

ஒன்பதாம் நாள், கடைசி மிதவை. இரண்டு பவளத் திட்டுக்கு நடுவே பாய் அகலத்துக்கு மணல். கயிற்றை முடிந்து நிமிரும்போது நீரோட்டம் என்னைப் பவளத்தின் மேல் தள்ளியது. கால் தானாக நீண்டது. பஸ்ஸும் பூங்காவனமும் ஒன்றாகக் கண்ணில் வந்தார்கள். முழங்காலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, பின்பக்கமாக மணலில் உட்கார்ந்தேன். அங்கே எனக்கு முன்பே, உடம்பெல்லாம் ஊசியாக ஒரு கடல் முள்ளெலி உட்கார்ந்திருந்தது.

படகில் என்னைக் குப்புறப் போட்டு முனியசாமி முள் பிடுங்கினார். வாத்தியார் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கிளைகூட உடையலை!" என்று கூவிக்கொண்டே மேலே வந்தார். முனியசாமி நிமிரவில்லை. "பவளம் நல்லாத்தான் இருக்கும் சார். மனுசனுக்குத்தான் இன்னும் பதினாலு முள்ளு பாக்கி."

வீடு

பத்து நாளும் முழுசாக இருந்துவிட்டே திரும்பினேன். வழியில் எத்தனை பஸ் மாறினாலும், எந்த சீட்டிலும் உட்காரவில்லை. வாசலில் நின்று பூங்காவனத்திடம் பெருமையாகச் சொன்னேன், யாரும் என்னைத் துரத்தவில்லை என்று. அவள் பலகையை எடுத்துப் போட்டாள். "அதான் முழுசா இருந்துட்டு வந்துட்டீங்களே, இன்னாத்துக்கு இன்னும் நின்னுக்கினே கீறீங்க? உக்காருங்க."

பவளப்பாறைக்கு நான் செய்த தொண்டைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரு தடவை காலை வைத்தேன், ஒரு தடவை வைக்கவில்லை.