சிம்ப்டம் சொல்ல ஓர் ஆள்

மல்வேர்ன் பஸ்ஸில் நித்திரையாகி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வேர்ஹவுஸிலும் நின்றபடியே கண் சொருகியது. ஒருநாள் சூப்பர்வைசர் தோளில் தட்டி எழுப்பியபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குப் பிறகுதான் டொக்டரிடம் போனேன்.

பழைய டொக்டர் ஓய்வு பெற்றபின் வந்தவர், இந்த வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பெண்பிள்ளை. "அங்கிள், வேற சிம்ப்டம்ஸ் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை."

எங்கள் ஆட்கள் டொக்டரிடம் போவதே ஒன்றுமில்லை என்று சொல்லத்தானே!

"நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வருதோ?"

"இல்லை, பிள்ளை."

"நித்திரையில இருக்கிற உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?"

நோயாளி தான் உணர்ந்து சொல்வது சிம்ப்டம், மற்றவர் பார்த்துக் கண்டுபிடிப்பது சைன் என்று விளக்கினார். தமிழில் நாங்கள் இரண்டையும் அறிகுறி என்று சொல்லிவிட்டுப் போகிறோம். "ஆனா இந்த வருத்தத்துக்குப் பக்கத்தில படுக்கிற ஆள்தான் சிம்ப்டம் சொல்லோணும். அன்ரி ஒண்டும் சொல்லேல்லையோ?"

சொல்லியிருக்கிறாள். "இஞ்சருங்கோ, அங்கால திரும்பிப் படுங்கோ" என்று முழங்கையால் இடிப்பாள். நான் எரிந்து விழுவேன். குறட்டைச் சத்தத்துக்கு இடிக்கவில்லை, சத்தம் நின்றதற்குப் பயந்து இடித்திருக்கிறாள் என்பது டொக்டருக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது.

"அவ போன வருசம் கண்ணை மூடிட்டா, பிள்ளை."

டொக்டரைப் பார்த்த அன்றிலிருந்து படுக்கப் பயம் பிடித்தது. மூச்சு நின்றால் அந்த அப்பார்ட்மென்டில் என்னை இடிக்க யார் இருக்கிறார்கள்?

டொக்டர் நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். பக்கத்து அறையில் ஒருவர் விடியும்வரை கமராவில் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். இந்தக் கோலத்தில் யாருக்கு நித்திரை வரும் என்று புறுபுறுத்தபடி படுத்தேன்.

காலையில் அவரே வந்து வயர்களைக் கழற்றினார். மூச்சு பல தடவை நின்றதாகவும் மிச்சத்தை டொக்டர் சொல்லுவார் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, இதெல்லாவற்றோடும் படுப்பது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார்.

இல்லை, மனைவி போன பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டது இங்கேதான் என்றேன். அது உண்மை. யாரோ ஒருவர் எனக்காக முழித்திருந்தார்.

இன்றைக்கும் வரலாமா என்று கேட்டேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.